குமரி மாவட்ட வீட்டுக்கு எந்தத் திரை?

புது வீட்டுக்குப் பால்காய்ப்பு நாள் குறித்த பிறகுதான் ஜன்னல் திரையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் எழுகிறது. கொத்தனார் போய், தச்சர் போய், பெயின்டரும் கூலி வாங்கிக்கொண்டு போன பின்பு துணிக்கடையிலிருந்து மாதிரிப் புத்தகம் வருகிறது. சுவரின் நிறத்தோடு எது சேரும், சோபாவோடு எது சேரும் என்று புரட்டிப் பார்த்துவிட்டு, வீட்டிலுள்ள அத்தனை ஜன்னலுக்கும் ஒரே துணியை, ஒரே கனத்தில் எடுத்துவிடுகிறோம். ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது, ஆடி மாதத்தில் அதன் வழியாக எவ்வளவு காற்று வரும், வெளியே சன்ஷேட் எத்தனை அடி நீட்டியிருக்கிறது என்றெல்லாம் கடைக்காரர் கேட்பதில்லை, வீட்டுக்காரரும் சொல்வதில்லை. குமரி மாவட்டத்தைப் பொறுத்தவரை திரையைத் தீர்மானிக்க வேண்டியவை இந்த மூன்றும்தான். நிறம் அதற்குப் பிறகு வருவது. இன்னும் வெளிப்படையாகச் சொன்னால், இங்கே பல வீடுகளில் கனத்த திரை தொங்குவதற்குக் காரணம், சுவருக்கு வெளியே இருந்திருக்க வேண்டிய ஏதோ ஒன்று இல்லாமல் போனதே.

இல்லாமல் போனது எது என்பதைத் தக்கலைக்குப் பக்கத்திலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையில் இன்றும் பார்க்கலாம். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக விளங்கிய இடம் அது. அரண்மனையின் பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மா காலத்தில் புதுக்கிக் கட்டப்பட்டது. மேல்மாடிகளில் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் சாய்வான மரச்சட்டங்களை அடுக்கியிருக்கிறார்கள். சட்டங்களின் இடுக்கு வழியே காற்று தடையின்றி நுழைகிறது. வெயில் சாய்வில் பட்டுத் தளர்கிறது, சாரல் வெளிப்பக்கமே வழிந்துவிடுகிறது. உள்ளே நிற்பவர் தெருவைப் பார்க்கலாம், தெருவில் போகிறவருக்கு உள்ளே ஆள் இருப்பதே தெரியாது. மந்திரசாலையின் ஜன்னல்களில் வண்ண மைக்காத் தகடுகளைப் பதித்துக் கண் கூசாத வெளிச்சத்தை உள்ளே விட்டிருக்கிறார்கள். வெயில், சாரல், அந்நியர் பார்வை என்று இன்று திரையிடம் நாம் எதிர்பார்க்கும் மூன்று காவல்களையும் அங்கே மரமே செய்துவிட்டது. அரசர் வீட்டுச் சங்கதி குடியானவருக்கு எதற்கு என்று கேட்கலாம். குடியானவர் வீட்டிலும் அளவுதான் வேறு: தலை குனிந்து நுழையும்படி தாழ இறங்கிய ஓட்டுக்கூரை, அதன் நிழலில் திண்ணை, மரக்கம்பி போட்ட சிறிய ஜன்னல். அந்த ஜன்னலுக்கு வெயில் எட்டாது. ஆகவே துணியும் வேண்டியிருக்கவில்லை. கான்கிரீட் வந்து, வளைகுடாப் பணமும் ரப்பர் பணமும் வந்து, ஜன்னல் ஐந்தடி ஆறடியாகக் கண்ணாடியோடு விரிந்தது. அதே காலத்தில் தாழ்வாரம் சுருங்கி ஒன்றரை அடி சன்ஷேட் ஆயிற்று. இடைவெளியை நிரப்ப வந்ததே இப்போதைய திரை. பழையது ஒழிந்துதான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இருந்ததாகவும் சொல்ல முடியாது. பக்கத்துத் திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய சல்லடைச் சுவர்களால் காற்றையும் மறைப்பையும் ஒருசேரக் கொண்டுவந்தார். அந்நகரின் உள்ளூர் என்ற பகுதியில் அமைந்த வளர்ச்சி ஆய்வு மையக் கட்டடங்கள் அதற்குச் சாட்சி.

இனித் திசைக்கு வருவோம். நாகர்கோவில் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 8 பாகையில் இருக்கிறது. இதனால் ஏப்ரல் இரண்டாம் வாரம் தொடங்கி ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. மற்ற மாதங்களில் தெற்கே இருக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் அதிகம் சாய்வதில்லை. தெற்கே மிகவும் இறங்கிப் போகும் டிசம்பர் 21 அன்றுகூட நண்பகலில் அது அடிவானத்திலிருந்து 58 பாகைக்கு மேல் நிற்கிறது. கணக்குப் போட்டால், இரண்டடி நீட்டிய சன்ஷேட் அன்றைக்குத் தெற்கு ஜன்னலில் மூன்றேகால் அடிக்கு நிழல் தரும். ஜூன் மாத நண்பகலில் வடக்கு ஜன்னலுக்கு அதே இரண்டடி ஏழடிக்கு மேல் நிழல் தருகிறது. அதாவது தெற்கு, வடக்கு ஜன்னல்களில் வெயிலைத் தடுக்கும் வேலையை அந்த மேல்பலகையே ஏறக்குறைய முடித்துவிடுகிறது. மேற்கு ஜன்னலின் கதை வேறு. மாலை 5 மணிக்குச் சூரியன் ஆண்டின் எந்த மாதத்திலும் இருபத்தைந்து பாகைக்குக் கீழேயே நிற்பதால், அதே இரண்டடி சன்ஷேட் ஓரடி நிழலைக்கூடத் தருவதில்லை. வெயில் நேராக அறைக்குள் நீண்டு படுக்கிறது. கிழக்கு ஜன்னலிலும் காலையில் இதேதான் நடக்கிறது. ஆனால் இரவெல்லாம் ஆறிக் கிடந்த சுவரில் படும் காலை வெயில் வேறு, பகலெல்லாம் காய்ந்த சுவரில் படும் மாலை வெயில் வேறு. ஆக, ஒரு வீட்டில் வெயிலுக்காகத் திரை வேண்டிய ஜன்னல்கள் முதலில் மேற்கு, அடுத்தபடி கிழக்கு. எல்லா ஜன்னலுக்கும் ஒரே கனத்தில் துணி போடுவது தெற்கு அறையையும் வடக்கு அறையையும் காரணமில்லாமல் இருட்டாக்கிப் பகலில் விளக்கெரிய வைக்கிறது.

மேற்கு ஜன்னலுக்குத் திரை வேண்டும் என்று ஒப்புக்கொண்ட பிறகும், துணி அந்த வேலையை எவ்வளவு செய்யும் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால், திரையில் பட்டுச் சூடாக மாறி, திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே உள்ள காற்றைச் சுட வைக்கிறது. அந்தக் காற்று மேல்வழியாக அறைக்குள்தான் வழிகிறது. கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விடும், சூட்டை அவ்வளவு எளிதாக வெளியே விடாது. அமெரிக்க எரிசக்தித் துறை வீட்டுக்காரர்களுக்குச் சொல்லும் கணக்கு இங்கே உதவும்: நடுத்தர நிறத் திரைக்குப் பின்னால் வெள்ளைப் பிளாஸ்டிக் பூச்சு இருந்தால் ஜன்னல் வழியே வரும் வெயில் சூட்டில் 33 சதவீதம் வரை குறையும், ஜன்னலுக்கு வெளியே மறைப்பு கட்டினால் மேற்குப் பக்கத்தில் 77 சதவீதம் வரை குறையும். அங்கே ஜன்னல் பெரும்பாலும் மூடியிருக்கும், இங்கே திறந்திருக்கும் என்பதால் எண்கள் அப்படியே பொருந்தாமல் போகலாம். எது பெரிது எது சிறிது என்பதில் மாற்றமில்லை. வெளியே நூறு ரூபாய் செலவழிப்பது உள்ளே ஆயிரம் ரூபாய் செலவழிப்பதைவிட மேல் என்று கொத்தனார் வீட்டில் இருக்கும்போதே யாராவது சொல்லிவிட்டால் நல்லது. மேற்குப் பக்கத்துச் சன்ஷேட்டின் விளிம்பிலிருந்து ஒரு மூங்கில் தட்டியைச் சுருட்டி இறக்கும்படி கட்டிவிட்டால், வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல் கதவுக்கும் அது இடைஞ்சல் செய்யாது. வாடகை வீட்டில் சுவரில் கைவைக்க முடியாது என்பவர்களுக்கும் இது பொருந்தும். இரண்டு கொக்கிகள் போதும், வீட்டை மாற்றும்போது தட்டியைக் கழற்றிக்கொண்டு போகலாம். வடநாட்டில் போல வெட்டிவேர்த் தட்டியை நனைத்துக் கட்டலாமே என்ற யோசனை மட்டும் இங்கே செல்லாது. உலர்ந்த காற்றில்தான் நீர் ஆவியாகிக் குளிரும். கடல் ஈரம் ஏறிய குமரிக் காற்றில் நனைந்த தட்டி நனைந்தே கிடக்கும்.

சிக்கல் இதோடு முடிந்துவிடவில்லை. வெயிலைக் கொண்டுவரும் அதே மேற்குத்தான் நமக்குக் காற்றையும் கொண்டுவருகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் புகுந்து வேகமெடுப்பதால்தான் முப்பந்தலில் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்கின்றன. தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களில் ஆனி ஆடியில் ஜன்னலைத் திறந்தால் மின்விசிறி தேவைப்படாத நாட்களும் உண்டு. அந்த ஜன்னலுக்கு வெளிச்சம் புகாத கனத்த திரையை இழுத்து மூடினால் வெயிலோடு காற்றும் நின்றுவிடும். மூடாமல் விட்டால் காற்றோடு வெயிலும் வரும். மரச்சட்ட அடுக்கு தீர்த்து வைத்திருந்த முரண்பாடு இது. துணியால் இதை முழுவதும் தீர்க்க முடியாது, ஓரளவு சமாளிக்கலாம். முதல் வழி, வெயிலைத் தட்டியிடம் ஒப்படைத்துவிட்டு உள்ளே காற்றைச் சலித்து விடும் மெல்லிய துணியை மட்டும் போடுவது. அடுத்தது, திரையை இரண்டாகப் பிரித்துக் கீழ்ப்பாதியை மட்டும் நிரந்தரமாக மறைப்பது. மேலும் கீழும் கம்பி கொடுத்துக் கட்டிய அரைத்திரை காற்றில் பறந்து கிராதிக் கம்பியில் சிக்கிக் கிழியாது. உட்கார்ந்திருப்பவரைத் தெருவிலிருந்து மறைக்கும். மேல்பாதி காற்றுக்குத் திறந்தே கிடக்கும். முழுத்திரைதான் வேண்டும் என்பவர்கள் கீழ்மடிப்பின் மூலைகளில் ஈயத்துண்டோ பழைய நாணயமோ வைத்துத் தைக்கச் சொல்லலாம். தையற்காரர்கள் பலருக்கு இது தெரியும், கேட்டால்தான் செய்வார்கள்.

எந்தத் துணி என்பதில்தான் வீடுதோறும் வாதம் நடக்கிறது. பாலியஸ்டர் பக்கம் நிற்பவர்களின் காரணங்கள் லேசானவை அல்ல. பருத்தி சுருங்குகிறது, வெளுக்கிறது, இஸ்திரி கேட்கிறது. பாலியஸ்டர் ஒரு மணி நேரத்தில் காய்கிறது, மடிப்புக் குலையாமல் தொங்குகிறது, விலையும் குறைவு. இந்த மாவட்டத்துக்கு அதில் ஒரு காரணம் மிக முக்கியமானது. இரண்டு பருவமழையும் பெய்யும் இடம் இது. ஜூனிலிருந்து டிசம்பர் வரை ஈரத் துணியோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. பருத்தி சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் ஏறத்தாழ 8 சதவீத ஈரத்தைப் பிடித்து வைக்கும். பாலியஸ்டர் பிடிப்பது அரை சதவீதம்கூட இல்லை. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வெயில் எட்டிப் பார்க்காத வீட்டில் இரட்டை மடிப்புப் பருத்தித் திரை தொங்கவிட்டால், ஒரு மழைக்காலத்தில் கரும்புள்ளிப் பூசணம் பிடிக்கும் என்பதில் ஐயமில்லை. பாலியஸ்டர் நாரைப் பூசணம் தின்பதில்லை. அதில் படிந்த அழுக்கில் வேண்டுமானால் வளரும். ஆகவே விளவங்கோடு, கல்குளம் மலையடிவாரத்து வீடுகளுக்குப் பாலியஸ்டர் கலந்த துணி என்பதே நேர்மையான பதில். கிழக்கே நாஞ்சில் நாட்டு வயல்வெளியிலும் கடற்கரையிலும் அந்த வாதம் தளர்ந்துவிடுகிறது. அங்கே காற்று ஓடுகிறது, துணி காய்கிறது. நெருக்கமாக நெய்த பாலியஸ்டர் காற்றை மறிப்பதே அங்கு பெரிய குறை. அடுக்களையில் அதைப் போடவே கூடாது. தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். பட்டுத் துணியை ஜன்னலில் தொங்கவிடுவதும் வீண். வெயிலில் மிக விரைவில் இற்றுப்போகும் நார்களில் அது ஒன்று. குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கரையோர ஊர்களில் துணியைவிட முதலில் கெடுவது கம்பி. உப்புக் காற்றில் இரும்புக் கம்பியும் வளையமும் துருவேறித் திரையின் தலைப்பில் சிவப்புக் கறையை இறக்கிவிடும். மரக்கம்பு, அலுமினியம் அல்லது நல்ல ரக எவர்சில்வர் குழாய் போட்டால் அந்தத் தொல்லை இல்லை. எந்தத் துணியானாலும் திரைக்குக் கஞ்சி போடாமல் இருப்பது நல்லது. பூசணத்துக்கும் துணி அரிக்கும் பூச்சிக்கும் அதைவிடப் பிரியமான தீனி கிடையாது.

கடையின் மாதிரிப் புத்தகத்தில் இருப்பவை பெரும்பாலும் ஆலைத் துணிகள். கரூரிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறும் வீட்டு உபயோகத் துணிகளிலும் திரை உண்டு. கனமான துணி, உள்ளே அஸ்தர், தரையைத் தொடும் நீளம் என்ற பாணி, அறைச் சூடு வெளியே போய்விடாமல் காக்க வேண்டிய குளிர்நாடுகளுக்கு ஏற்றது. நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறான துணி. அதை நெய்யத் தெரிந்தவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். வடசேரியும் இரணியலும் பழைய நெசவு ஊர்கள். மாவட்ட எல்லையைத் தாண்டினால் பாலராமபுரம். அங்கே நெய்வது வேட்டி, நேரியல், துவர்த்து. தலை துவட்டும் துவர்த்து இழை விட்டு நெய்த துணி. ஈரத்தை உறிஞ்சி விரைவாகக் காய்வதற்காகவே அப்படி நெய்கிறார்கள். காற்றை விட்டுக் கண்ணை மறைக்கும் திரைக்கும் அந்த நெசவே பொருந்துகிறது. நான்கு முழ வேட்டி ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமும் ஐம்பது அங்குல அகலமும் கொண்டது. வெட்டாமலே சாதாரண ஜன்னலுக்கு ஒரு மடல் ஆகிவிடும், இருபுறமும் கரையோடு. லேஸ் திரைக்கும் இங்கே பழைய உறவு உண்டு. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட், பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தக் கைத்தொழில் தலைமுறைகளாக இங்கே பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. கையால் பின்னிய லேஸை இன்று முழு ஜன்னலுக்கும் வாங்க யாராலும் முடியாது; மெல்லிய பருத்தித் திரையின் கீழ்விளிம்பில் நாலு அங்குலம் வைத்துத் தைத்தால் அழகுக்கு அதுவே தாராளம்.

தைக்கும் கணக்கைச் சரியாகப் போடாததால்தான் நல்ல துணியும் கெடுகிறது. நாலடிக்கு நாலடி ஜன்னல் என்று வைத்துக்கொள்வோம். கம்பி ஜன்னல் அளவுக்கே இருக்கக் கூடாது. இரண்டு பக்கமும் அரையடி நீண்டு ஐந்தடியாக இருக்க வேண்டும். அப்போதுதான் திரையை ஒதுக்கும்போது துணி சுவரின் மேல் போய் நிற்கும், ஜன்னல் முழுவதும் காற்றுக்குத் திறக்கும். பெரும்பாலான வீடுகளில் திரை பாதிக் காற்றை மறைப்பது துணியின் குற்றமில்லை, கம்பியின் குற்றம். கம்பி நீளத்தைப் போல் இரண்டு மடங்கு துணி அகலம் இருந்தால்தான் கொசுவம் விழும். மெல்லிய துணிக்கு இரண்டரை மடங்கு வேண்டும். ஐந்தடிக்கு இரண்டு மடங்கு 120 அங்குலம். 48 அங்குல அகலத் துணியில் மூன்று மடல். உயரத்துக்கு, ஜன்னலுக்கு மேல் 4 அங்குலம், கீழே 6 அங்குலம், மேல் மடிப்புக்கும் கீழ் மடிப்புக்குமாக 12 அங்குலம் சேர்த்தால் ஒரு மடலுக்கு 70 அங்குலம். புதுப் பருத்தி என்றால் சுருக்கத்துக்கு இன்னும் 4 அங்குலம். மூன்று மடலுக்கும் ஏறக்குறைய ஐந்தே முக்கால் மீட்டர் ஆகிறது. பெரிய பூ டிசைன் என்றால் பூவுக்குப் பூ பொருந்த ஒவ்வொரு மடலுக்கும் கூடுதல் துணி கேட்கும். இங்கே ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. ஐந்தரை மீட்டர்ப் பழைய பருத்திச் சேலையை மூன்றாக வெட்டினால் மடலுக்கு 72 அங்குலம் வரும். துவைத்துத் துவைத்துச் சுருங்கி முடித்த துணியாதலால் சுருக்கக் கணக்கும் வேண்டாம், ஓரத்தில் கரை இருப்பதால் பக்கத் தையலும் வேண்டாம். தலைப்பில் உலோக வளையம் பதிப்பதானால் ஒவ்வொரு மடலுக்கும் வளையங்கள் இரட்டைப்படையில் இருக்க வேண்டும். ஒற்றைப்படையானால் ஒரு ஓரம் சுவரைப் பார்க்கும், மறு ஓரம் அறையைப் பார்க்கும். இழுக்கும் முறைகளில் புதிதாக ஒன்றும் இல்லை. ஒரு பக்கமாக இழுப்பது, இரு பக்கத்திலிருந்தும் வந்து நடுவில் சேர்வது, மேலிருந்து இறங்குவது என மூன்று வகை எழினிகளை, அதாவது திரைகளை, சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையே பெயர் சொல்லி வகுத்திருக்கிறது. மேலிருந்து இறங்கும் வகைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: அதன் இழுகயிறு சிறு குழந்தைகளின் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. கயிற்றை உயரத்தில் கொக்கியில் மாட்டி வைக்க வேண்டும்.

மெல்லிய திரைக்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதம், இரவில் விளக்குப் போட்டால் உள்ளே நடப்பதெல்லாம் தெருவுக்குத் தெரியும் என்பது. உண்மைதான். பகலில் வெளியே வெளிச்சம் கூடுதல் என்பதால் மெல்லிய துணியே மறைப்பாகிறது. இரவில் அது தலைகீழாகிறது. ஆனால் இந்தக் காரணம் தெருவைப் பார்த்த அறைக்கும் படுக்கையறைக்கும்தான் பொருந்தும், தோட்டத்தைப் பார்த்த பின்கட்டுக்குப் பொருந்தாது. வேண்டிய ஜன்னலுக்கு மட்டும் இரட்டைக் கம்பி போட்டு, பின்னால் மெல்லியது, முன்னால் சற்றுக் கனமானது என்று வைத்துக்கொள்ளலாம். ஏசி போட்ட அறையும் விதிவிலக்கு. ஜன்னல் எப்படியும் மூடித்தான் இருக்கப்போகிறது. அங்கே அஸ்தர் வைத்த கனத் துணி சுவரை ஒட்டிக் கீழ்வரை இறங்குவது மின்கட்டணத்துக்கு நல்லது. கனத்த திரை கொசுவைத் தடுக்கும் என்பது மட்டும் முழுத் தப்பு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் வீட்டுக்குள் இருண்ட மூலைகளில், கட்டிலடியில், திரையின் பின்பக்கத்தில்தான் ஒதுங்குகிறது. அடர்ந்த கொசுவமும் கறுத்த நிறமும் அதற்கு வசதியான இடம். கொசுவுக்கு வலைச்சட்டம் அடிக்க வேண்டும். அதையும் காற்றுப் போகும்படி மாதம் ஒருமுறை தூசி தட்ட வேண்டும்.

அழகைப் பற்றிய கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. துணி நன்றாகத் தொங்கி, காற்றில் அசைந்து, வெளிச்சத்தைச் சலித்து விட்டால் அறை அழகாகவே இருக்கும். மேற்கு வெயிலில் ஓராண்டில் வெளுக்கும் கடுஞ்சிவப்பையும் கருநீலத்தையும் தவிர்த்தால் அந்த அழகு சில ஆண்டுகள் நிற்கும். குறை வேறிடத்தில் இருக்கிறது. இந்த மாவட்டத்து ஜன்னலுக்குப் பொருந்தும் துணியை வேட்டியாகவும் துவர்த்தாகவும் வாங்கி, வெட்டி, இணைத்துத் தைத்துக்கொள்ளும் பொறுமை எல்லா வீட்டிலும் இருக்காது. வடசேரி, இரணியல் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் துவர்த்து நெசவிலேயே சாயம் உறுதியான நான்கைந்து நிறங்களில் 48 அங்குல அகலத் துணியை மீட்டர் கணக்கில் விற்பனைக்குத் தர வேண்டும். மேற்குச் சுவரில் ஜன்னல் வைக்கும் வீட்டுக்காரர்கள், தையற்காரரைத் தேடும் முன்பே, இரண்டடிக்குக் குறையாத சன்ஷேட்டும் அதன் விளிம்பில் தட்டி மாட்ட இரண்டு கொக்கியும் கொத்தனாரிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.